தோல் கன்றுக்கும் சுரக்கும் பால்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத் தீர்த்தவாரியை ஸேவிக்கும் பொருட்டுப் புதுவை நகரில் கூடியிருக்கும் பாகவத அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்களிலிருந்தும் எழுந்தருளும் உத்ஸவ மூர்த்திகளோடு நீங்களும் வெயிலையும் வழியையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் கையில் தாளமும் கழுத்தில் துளஸி மாலையுமாக பஜனை கோஷ்டிகளோடு வருகிறவர்கள். ஆகவே பாடுகிறவர்களைப் பற்றியே இம்மலரில் நாலு வார்த்தை எழுதுவதென்று நிச்சயித்தேன்.

இதற்கு நேரான காரணமும் ஒன்று உண்டு. நம் ஸந்நிதியில் பல வருஷங்களாகப் பாடிவரும் அம்மையார் ஒருவர் ஸ்ரீராமநவமி ஊஞ்சல் உத்ஸவத்துக்கு இரண்டு நாள் முன்பு அடியேனிடம் வந்தார். பிரஸாதம் வாங்கிக்கொண்ட பின்னும் போகாமல் நின்றார். "ஸ்வாமி, ஊஞ்சலின்போது குலசேகராழ்வாருடைய தாலாட்டை என்னைப் பாடச் சொல்லுகிறார்கள். என் குழந்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொருளை நினைத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நினைக்காமல் பாடினாலோ, பெருமாளிடத்தில் பொய் சொல்லுவதுபோல் இருக்கிறது. நான் பாடலாமா, கூடாதா? நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்.

அடியேனுக்கு உடனே விடை தோன்றவில்லை. "நாளைக்கு வாருங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸம்ஸ்க்ருத பாடசாலையில் கற்ற வாக்யங்கள் நாவின் நுனியில் வந்து நின்றன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று இணங்கி வரவில்லை.

யாஸ்கர் நிருக்தத்தில் காட்டுகிற கருத்து ஒன்று. வேதத்தை ஓதியும் அதன் பொருளை அறியாதவன் சுமை தாங்கும் வெறுங்கட்டைக்கு ஒப்பாவான் என்பது அது. பாடசாலையில் எங்கள் வாத்தியார் இதைச் சொல்லித்தான் எங்களைத் தலையில் குட்டுவார். ஆனால் அதே வாத்தியார், முதல் ஐந்து வருஷம் பொருள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஸ்வரம் பிசகாதபடி எங்களை நெட்டுருப் பண்ண வைத்தவர். "முதலில் பாத்திரத்தை விளக்கி வை, பால் பின்னால் வரும்" என்பார்.

பாத்திரம் என்றதும் நாட்ய சாஸ்திரத்துக்கு உரை செய்த அபிநவகுப்தர் நினைவுக்கு வருகிறார். மேடையில் நடிக்கிறவன் சோகத்தையோ சிருங்காரத்தையோ தானே அனுபவிக்கிறானா என்று கேள்வியை எழுப்பி, அவனைப் பாத்திரம் என்று சொல்வதே அதற்கு விடை என்கிறார். கிண்ணத்தில் வார்த்த பானத்தின் ருசியைக் கிண்ணம் அறிவதில்லை, பருகுகிறவனே அறிகிறான். ரஸம் என்பது கேட்பவனுக்கு, காண்பவனுக்கு. ஸபையில் பாடுகிற வித்வானுக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் பெருமாள் ஸந்நிதியில் பாடுகிறவர் வெறும் கிண்ணமாக நின்றுவிட முடியுமா? அங்கே கேட்கிறவனும் அவன், பாடுகிறவர் உள்ளத்தில் இருக்கிறவனும் அவன். அந்த அம்மையாருக்கு உறுத்தியதும் அதுவே.

இந்த விசாரத்துக்கும் நம் புதுவைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாஸம் செய்த சுப்பிரமணிய பாரதியார் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் பாடகர்களிடம் வெகுவாகக் குறைபட்டிருக்கிறார். பொருள் தெரியாத பிற பாஷைக் கீர்த்தனங்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், ரஸம் உணர்ந்து பாடுகிறவர் அரிது என்பது அவர் வாதம். குறை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. 1917-இல் வெளிவந்த 'கண்ணன் பாட்'டில் கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, சீடனாக, குழந்தையாக, காதலியாகக்கூட வைத்துப் பாடினார். அதற்கு முன்னுரை எழுதிய வ.வே.சு. ஐயர், நிலவொளியில் கடற்கரையில் பாரதியார் புதிதாகப் புனைந்த பாட்டுகளைத் தம் கணீரென்ற குரலில் தாமே பாடக் கேட்ட அன்பர்களைப் பற்றிச் சொல்லுகிறார். நீங்கள் நாளை தீர்த்தமாடப்போகும் இதே கடல்தான்! கோயில் மலரில் பாரதியாருக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆழ்வார்கள் காட்டிய வழியில் கண்ணனைப் பாடியவருக்கு இடமில்லையென்றால் வேறு யாருக்கு இடம் என்றுதான் அடியேன் திருப்பிக் கேட்பேன்.

ஆனால் அவர் நிலை வேறு. அவர் தம்முடைய சொல்லைத் தாமே பாடினார். பாட்டும் பாடகரும் அங்கே ஒன்று. நாம் பாடுவதோ பிறருடைய வாக்கு. நூற்றாண்டுகளுக்கு முன்பு, நாம் கனவிலும் காணாத ஒரு நிலையில் நின்ற மஹான்களின் வாக்கு. அதை நம்முடையதாக்கிக்கொண்டு பாடு என்றால் எப்படி ஆக்கிக்கொள்வது?

நம்முடைய அனுபவத்தைக் கொண்டுபோய்ப் பாசுரத்தில் பொருத்திப் பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் உள்ள அபாயத்தைக் காட்டப் பூர்வாசார்யர்களின் ஐதிஹ்யம் ஒன்று உண்டு. பெரியாழ்வார் கண்ணனுடைய பிள்ளை விளையாட்டுகளில் ஒன்றாக அப்பூச்சி காட்டுவதைப் பாடியிருக்கிறார். அப்பூச்சி என்பது குழந்தைகள் ஒருவரையொருவர் பயமுறுத்தும் விளையாட்டு. திருவரங்கத்தில் அரையர் அதற்கு அபிநயம் பிடிக்கையில், நாம் எல்லோரும் சிறு வயதில் செய்ததுபோலக் கண் இமைகளை மடித்துக் காட்டினாராம். எம்பெருமானாரின் பின்னால் இருந்த எம்பார், இரு கைகளையும் தோளருகே உயர்த்திச் சங்கும் சக்கரமும் ஏந்தினாற்போல ஜாடை காட்டினார். அரையர் புரிந்துகொண்டு அப்படியே அபிநயித்தார். ஆயர் சிறுவரோடு தானும் ஒரு சிறுவனாக ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று நாலு தோள்களோடு நின்றால் அதைக்காட்டிலும் பயம் வேறு உண்டோ? எம்பெருமானார் திரும்பிப் பார்த்து, கோஷ்டியில் எம்பார் இருப்பதை அறிந்துகொண்டார் என்பது வரலாறு.

இந்த ஐதிஹ்யத்தை அடியேன் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. முதலில் அரையர் காட்டியது பொய் அல்ல. தமக்குத் தெரிந்த குழந்தைப் பருவத்தை உள்ளபடியே காட்டினார். ஆனால் அவருடைய அனுபவம் சின்னது, பாசுரம் பெரியது. "இது என் கதைதான்" என்று சொல்லிப் பாசுரத்தைத் தன் அளவுக்குக் குறுக்கிக்கொள்வதும் ஒரு குறைதான். உணர்ச்சி பொங்கப் பாடுகிறவர்களுக்கு இதை மெல்லச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆழ்வார்கள் செய்தது இதற்கு எதிர்த்திசையில். நம்மாழ்வார் புளியமரத்தடியில் யோகத்தில் எழுந்தருளியிருந்தவர். அவருக்குத் தோழி ஏது, வளையல் ஏது? ஆயினும் பராங்குச நாயகியாக நின்று வளை கழன்றதென்று பாடுகிறார். மறு பதிகத்தில் அந்தப் பெண்ணைப் பெற்ற தாயாகவே ஆகிப் புலம்புகிறார். குதிரையும் வாளுமாகத் திரிந்த திருமங்கை மன்னன் பரகால நாயகி ஆனார். ஆண்டாள் வில்லிபுத்தூரில் இருந்துகொண்டே தன்னை ஆய்ப்பாடிச் சிறுமியாகப் பாவித்தாள். தாமாக இல்லாத ஒருவராய் நின்று பாடியதே அவர்கள் வழி. அரையர் ஸேவையில் முத்துக்குறியை ஸேவித்தவர்களுக்கு இது கண்கூடு. ஒரே அரையர் தலையில் குல்லாயோடு, கையில் தாளத்தோடு, மகளும் தாயும் குறிசொல்லும் கட்டுவிச்சியுமாக மாறி மாறி நிற்பார்.

சரி, ஆழ்வார்களுக்கு அந்தப் பாவனை ஸித்தித்தது. நமக்கு? இங்கேதான் பராசர பட்டர் நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறார். திருப்பாவையின் முடிவுப் பாசுரத்துக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்யானத்தில் பட்டர் வார்த்தையாக அது வருகிறது. கன்று இறந்துபோனால் பசு பால் சுரக்காது. அப்போது இடையர், தோலுக்குள் வைக்கோலை அடைத்து ஒரு கன்றைச் செய்து பசுவின் முன்னே நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொடுத்துப் பால் சுரக்கும். அதுபோல, ஆய்ப்பாடிப் பெண்களின் பிரேமமோ ஆண்டாளின் பாவனையோ நமக்கு இல்லாமற்போனாலும், அந்தப் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டு போய் நின்றால் எம்பெருமான் நமக்கும் இரங்குவான் என்பது பட்டர் திருவுள்ளம்.

அன்பர்களே, இந்த உவமையை அவசரமாகக் கடந்துபோய்விடாதீர்கள். நாம் வைக்கோல் அடைத்த தோல் என்று பட்டர் கூசாமல் சொல்லிவிட்டார். உயிருள்ள கன்றுபோல் துள்ளிக் காட்டு என்று அவர் நம்மைக் கேட்கவில்லை. ஆனால் தோல் என்னவோ உண்மையான கன்றின் தோலாகத்தான் இருக்கவேண்டும். அந்த வாஸனைக்குத்தான் பசு நெருங்கி வருகிறது. நம் விஷயத்தில் அந்தத் தோல் ஆண்டாளின் சொல். அதைக் கிழிக்காமல், எழுத்துக் கெடாமல், பதம் பிரிக்கும் இடத்தில் பிரித்து, இன்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் முன்னே கொண்டுபோய் வைப்பது நம் வேலை. பொருளைக் கேட்டறியச் சோம்புகிறவரை அடியேனால் ஆதரிக்க முடியவில்லை. கைப்பேசியில் பாசுரத்தைப் பார்த்து, ஸந்தி எங்கே வார்த்தை எங்கே என்று அறியாமல் விழுங்கிப் பாடுகிற கோஷ்டிகள் பெருகிவருகின்றன. வராத கண்ணீரை ஒலிபெருக்கிக்காக வரவழைக்கிறவர்களும் உண்டு. இதைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம் என்பார்கள், விட்டுவிடுகிறேன்.

இங்கே நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆந்திர தேசத்தில் 1924-இல் பிறந்து, திருவரங்கத்தில் குடியேறி, 1999-இல் மறைந்தவர். இஸ்லாமிய குலத்தவரான அவர் ராமனைப் பாடிய தியாகராஜருடைய கீர்த்தனங்களை வாசிக்கக் கேட்டு உருகாத வைஷ்ணவர் உண்டா? அவர் அகத்தில் என்ன இருந்தது என்று அளக்க நம்மிடம் படி ஏது?

அடியேனுடைய அனுபவத்தையும் மறைப்பதற்கில்லை. இந்தக் கைங்கர்யத்தை அடியேனுக்குக் கற்பித்த தகப்பனார் திருநாடு அலங்கரித்த வருஷம், ஆசௌசம் கழிந்து ஸந்நிதிக்குத் திரும்பினேன். விடியற்காலையில் திருப்பள்ளியெழுச்சி. வாய் சொல்லிற்று, உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. இப்படி எத்தனையோ மாதங்கள். கதவைத் திறப்பது, விளக்கேற்றுவது, பாசுரம் சொல்வது எல்லாம் ஒரே மாதிரியான வேலையாகத் தோன்றின. பாசாங்கு செய்கிறோமே என்று வெட்கமாக இருந்ததுண்டு. ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்த உரிமையும் இல்லை. ஒரு நாள், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாள், பாதிப் பாசுரத்தில் தகப்பனார் அந்த இடத்தில் மூச்சு வாங்கி நிறுத்தும் வழக்கம் என் வாயில் தானாக வந்தது. அதற்கு மேல் சொல்ல முடியாமல் சற்று நின்றுவிட்டேன். அத்தனை மாதங்கள் வெறுமனே சொல்லிவந்திராவிட்டால் அந்த நாள் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

மறுநாள் அம்மையார் வந்தபோது பட்டர் வார்த்தையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்; ஆனால் முகம் தெளியவில்லை. வைக்கோல் கன்று பால் வேண்டி நிற்கிறது. அவரோ கன்றை இழந்த பசு அல்லவா? உவமையில் தம் இடம் எது என்பது சொன்ன அடியேனைவிட அவருக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. வெட்கினேன்.

பிறகு பெருமாள் திருமொழியை எடுத்து வைத்துக்கொண்டு இருவருமாகப் பார்த்தோம். குலசேகரர் சேர நாட்டு அரசர். கரதூஷணாதியர் பதினாலாயிரம் பேரை ராமன் தனியாக எதிர்த்தான் என்று கதை கேட்கும்போதே, துணைக்குப் புறப்படு என்று தம் சேனைக்கு ஆணையிட்டவர் என்று குருபரம்பரை சொல்லுகிறது. கேட்ட கதை அவருக்குக் கதையாக நிற்கவில்லை. அவர் பாடியவை 105 பாசுரங்கள், பத்துத் திருமொழிகள். கௌஸல்யையின் நிலையில் நின்று ராமனைத் தாலாட்டுவது எட்டாம் திருமொழி. அதற்கு முந்திய ஏழாம் திருமொழி என்ன? தேவகியின் புலம்பல். பெற்றும் வளர்க்கக் கிடைக்காதவள், தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குகிறாள். எட்டுக்குப் பின் ஒன்பது? மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு உயிர் விடப்போகும் தசரதனின் புலம்பல். ஆழ்வாருடைய தாலாட்டு, பிள்ளையைப் பிரிந்த இருவருடைய அழுகைக்கு நடுவே கிடக்கிறது.

எத்தனையோ தடவை ஸேவாகாலத்தில் ஏழும் எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்து வர ஓதியிருக்கிறேன். அவை அப்படி அடுத்தடுத்து இருப்பதை, அன்று அந்த அம்மையார் விரல் வைத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டும்வரை அடியேன் கவனித்ததில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "ஸ்வாமி, முதலில் தேவகியைப் பாடிவிட்டு அப்புறம் தாலாட்டைப் பாடலாமா?" என்று கேட்டார். "ஆழ்வார் வைத்த வரிசைதானே, அம்மா" என்றேன்.

உத்ஸவத்தன்று ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து ஆட்டும் கைங்கர்யம் அடியேனுடையது. அவர் தேவகியின் புலம்பலைப் பிசிறில்லாமல் பாடினார். தாலாட்டில் மூன்றாம் பாசுரத்தில் குரல் நின்றுவிட்டது. கோஷ்டியார் காத்திருக்காமல் அதை எடுத்துக்கொண்டு மேலே பாடிப்போனார்கள். கோஷ்டி என்று ஒன்று இருப்பது இதற்காகவும்தான். கடைசி இரண்டு பாசுரங்களில் அவர் குரலும் மீண்டும் வந்து சேர்ந்தது. சங்கிலியை நிறுத்த மறந்து அடியேன் ஆட்டிக்கொண்டே இருந்தேன் என்று பரிசாரகர் பிறகு சொன்னார்.

இந்த மாசி மகத்துக்கும் அவர் பெருமாளோடு கடற்கரைக்கு நடந்து வருகிறார். கோஷ்டியின் பின்வரிசையில் இருப்பார்.