ஏழிலிருந்து எண்ணுகிறவள்

இரண்டும் ஏழும் எத்தனை என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் இரண்டு விரலை நீட்டும். ஒரு கை அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டிருக்க, ஏழுக்கு மறு கை போதாது. மடக்கும், நீட்டும், பக்கத்துப் பிள்ளையின் விரலைக் கடன் கேட்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணி ஒன்பது என்று சொல்லும். சில வாரம் போகும். ஒருநாள் அதே பிள்ளை 'ஏழு' என்று வாய்க்குள் முனகிவிட்டு, கட்டைவிரலால் இரண்டு கணுவைத் தொட்டு, 'எட்டு, ஒன்பது' என்று முடித்துவிடும். கேட்டது இரண்டும் ஏழும். அவள் எடுத்துக்கொண்டது ஏழும் இரண்டும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் காத்திருப்பது இதற்காகத்தான். லாரி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, இந்தி பேசுகிறவர்களும் உண்டு. எந்த மொழியில் எண்ணினாலும் பெரிய எண்ணிலிருந்து தொடங்கும் அந்தச் சோம்பல் மட்டும் பொது. 1977இல் அமெரிக்காவில் கய் குரோன், லாரன் ரெஸ்னிக் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளுக்கு, இரண்டு குவியலையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுக் கவனித்தார்கள். பழகப் பழகச் சில குழந்தைகள் தாங்களாகவே பெரிய எண்ணுக்குத் தாவிவிட்டார்கள்.

நம் பாடநூலில் இந்த இடமாற்றத்துக்குப் பரிமாற்றுப் பண்பு என்று பெயர் வருவது ஆறாம் வகுப்பில். கூடவே சேர்ப்புப் பண்பும் சமனியும் வரும். செய்யத் தெரிவதற்கும் பெயர் தெரிவதற்கும் நடுவில் நாலைந்து வருடம். அந்த இடைவெளி நல்லது என்றே எனக்குப் படுகிறது. ஒன்றாம் வகுப்பிலேயே 'எண்களை இடம் மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது' என்று பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளை அதை அழகாகப் பார்த்து எழுதிக்கொள்ளும். பிறகு 2 + 7க்கு மறுபடி இரண்டு விரலை நீட்டும்.

*

"என்கிட்ட ரெண்டு மிட்டாய் இருந்துச்சு, அண்ணன் ஏழு குடுத்தான். என்கிட்ட ஏழு இருந்துச்சு, அண்ணன் ரெண்டு குடுத்தான். ரெண்டும் ஒண்ணா?"

"எப்டி மிஸ் ஒண்ணாவும்? ஏழு குடுத்தாத்தான் நல்ல அண்ணன்."

அவள் சொல்வது சரிதான். கூட்டல் என்பது நடந்ததில் பெரும்பகுதியை மறந்துவிடுவது. யார் முதலில், யார் பின்னால், யாரோடு யார் சேர்ந்து வந்தார்கள் என்பதை எல்லாம் உதறிவிட்டு எத்தனை என்பதை மட்டும் வைத்துக்கொள்வது. ஆறு வயதில் உலகமே வரிசையும் முறையும்தான்: யார் முதலில் கை கழுவினார்கள், யாருக்கு முதல் தட்டு போனது. அந்த மனதிடம் போய் 'வரிசை முக்கியமில்லை' என்று சொல்கிறோம். அது லேசான வேண்டுகோள் இல்லை. பால் பூத் வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி, நீலப் பாக்கெட் இரண்டையும் ஆரஞ்சுப் பாக்கெட் மூன்றையும் கூட்டவே மாட்டேன் என்றாள். ஆரஞ்சுக்கு விலை அதிகமாம்.

*

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாயில் உட்கார்ந்த பிள்ளைகள், கையில் அட்டைகள், எட்டும் உயரத்தில் கரும்பலகை. அப்போது மாதவரம் தனி நகராட்சி. மாநகராட்சிக்குள் வந்தது 2011இல். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்ட அழிஞ்சிவாக்கம் இங்கிருந்து செங்குன்றம் பக்கம்தான். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழிலிருந்து எண்ணத் தொடங்கும் அந்த நாள் எந்த அட்டையின் வரிசைக்கும் கட்டுப்பட்டு வருவதில்லை.

*

ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் இருப்பது ராயபுரத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1993இல் அதைத் தொடங்கியவர் பி.கே. சீனிவாசன், முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கினார். அந்த ராமானுஜன் 1912இல், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், இதே கரையில் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். சீனிவாசன் மேல் எனக்குள்ள மரியாதை இன்னொரு புத்தகத்துக்காக. மாதக் காலண்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் விளையாடும் கணக்குகளைப் பற்றித் தனியே ஒரு புத்தகம் எழுதினார். பைசா செலவில்லாத கருவி. மளிகைக் கடையில் சும்மா கொடுப்பார்கள்.

காலண்டரில் ஒட்டியிருக்கும் நான்கு கட்டத்தைப் பேனாவால் சுற்றச் சொல்வேன். 8, 9, அவற்றின் கீழே 15, 16. குறுக்காகக் கூட்டினால் 8 + 16 = 24. மறு குறுக்கில் 9 + 15, அதுவும் 24. வேறு நான்கு கட்டம், வேறு மாதம், எங்கே சுற்றினாலும் இரண்டு குறுக்கும் ஒன்றாகவே வரும். முதலில் கைதட்டல், பிறகு சந்தேகம். ஏன் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். ஒரு பையன் வெகுநேரம் 9ஐயே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒம்போதுக்குள்ள எட்டும் ஒண்ணும் கீது மிஸ். அந்த ஒண்ணு பதினைஞ்சாண்ட போயிட்டா பதினாறு." அவ்வளவுதான். 9 + 15 என்பது (8 + 1) + 15. அடைப்பை நகர்த்தினால் 8 + (1 + 15). ஆறாம் வகுப்பு நூலில் வரப்போகும் சேர்ப்புப் பண்பு அவன் வாயில் 'ஒண்ணு போயிட்டா' என்று வந்தது. 8 + 5க்கும் இதே கைதான்: ஐந்திலிருந்து இரண்டு கழன்று எட்டோடு சேர்ந்து பத்தாகும், மூன்று மிஞ்சும்.

*

கூட்டலில் சமனி என்பது சைபர். ஏழும் சைபரும் எத்தனை என்றால் சிரிப்பு. "ஒண்ணுமே குடுக்கலியே, அப்றம் இன்னாத்துக்குக் கூட்டணும்?" கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் சூனியத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை விதியாகவே எழுதிவைத்தார். இந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்கும்.

சிரித்த பிள்ளைக்கு வேறிடத்தில் வினை காத்திருக்கிறது. முந்நூற்று ஐந்து எழுதச் சொன்னால் 3005 என்று எழுதும். முந்நூறை எழுதினேன், பக்கத்தில் ஐந்தை வைத்தேன் என்று நியாயம் சொல்லும். பழைய தமிழ் எண்முறையில் ௩௱௫ என்று எழுதினார்கள்: மூன்று, நூறு, ஐந்து. அங்கே சைபருக்கு வேலையே இல்லை. எண்ணை எழுதும்போதே கூட்டல் கண்ணுக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய பிள்ளைக்கு இந்தத் தவறு வர வழியில்லை. நம் பிள்ளைக்கோ, கூட்டினால் ஒன்றும் செய்யாத சைபர் ஐந்தின் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஐம்பதாக்கிவிடுகிறது. 'ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்களே' என்று பார்க்கும் பார்வையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேர்க்கவில்லை.

*

இடம் மாற்றும் உரிமை கைக்கு வந்ததும் பிள்ளைகள் அதை எல்லா இடத்துக்கும் எடுத்துப்போகிறார்கள். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் விடை 35. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. நான்கில் ஒன்று போக மூன்று. 'ஏழும் ரெண்டும் எப்டி வெச்சாலும் ஒண்ணுதானே' என்கிறார்கள். தவறு என்று சிவப்பு மையில் போடுவது எளிது. நான் 35ஐயும் 17ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். 52 வருகிறது. நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பத்து எங்கேர்ந்து மிஸ் வந்துச்சு?" என்கிறார்கள். அந்தப் பத்தைத் தேடுவதுதான் இந்த வாரப் பாடம்.