எஞ்சிய எழுவர்

கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது என்பதே மர்மநாவல் ஒன்றுக்கு வாசகன் வழங்கும் அதியுயர்ந்த பாராட்டாகும். பாதியிலே மூடிவைத்துவிட்டேன் என்பது அதற்கு அவன் விதிக்கும் மரணதண்டனை. இவ்விரு தீர்ப்புகளுக்கும் அப்பாற்பட்ட கேள்வியொன்று பெரும்பாலும் எழுவதேயில்லை. ஒரு மனிதனின் சாவு எமக்கு விறுவிறுப்பைத் தருகின்றதெனில், அச்சாவுக்கும் எமக்கும் உள்ள உறவு யாது? முகஞ்சுளிக்கும் ஒழுக்கவாதியாக நின்று இதனை நான் கேட்கவில்லை. இத்தகைய நாவல்களை இருபது வருடங்களுக்கு மேலாக விரும்பிப் படித்து வருபவன் நான். அண்மையில் நண்பர் சிலரிடையே எழுந்த வாக்குவாதமே என்னை இக்கேள்விக்கு இட்டுச்சென்றது.

நாவல் சுவீடன் நாட்டினது. மாய் ஷோவால், பேர் வாலூ என்னும் இருவர் சேர்ந்து எழுதி 1968இல் வெளியிட்ட ‘சிரிக்கும் பொலிஸ்காரன்’. இருவரும் மார்க்சியவாதிகள். குழந்தைகள் உறங்கிய பின்னர், இரவு வேளைகளில், அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டு எழுதினர். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள்; ஒவ்வொன்றும் முப்பது அத்தியாயங்கள்; பத்துக்கும் பொதுத் தலைப்பு ‘ஒரு குற்றத்தின் கதை’. அக்குற்றம் தனிமனிதன் எவனதும் குற்றமன்று, நலன்புரி அரசு என்று புகழப்பெற்ற ஒரு சமுதாயத்தின் குற்றம் என்பது அவர்களது கருத்து.

1967 நவம்பர் 13, இரவு. ஸ்டொக்ஹோம் நகரில் மழை கொட்டுகின்றது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து அமெரிக்கத் தூதரகத்தின் முன் திரண்டோரை அடித்துக் கலைப்பதில் நகரத்துப் பொலிசார் முனைந்திருக்கின்றனர். அதே இரவில் மாடி பஸ் ஒன்றினுள் ஒருவன் இயந்திரத் துப்பாக்கியால் ஒன்பது பேரைச் சுட்டு வீழ்த்துகின்றான். எண்மர் அவ்விடத்திலேயே இறக்கின்றனர். ஒருவர் வைத்தியசாலையில் இறக்கின்றார். மாண்டவருள் ஓர் இளம் துப்பறிவாளனும் உளன். அந்நேரத்தில் அந்த பஸ்ஸில் அவனுக்கு என்ன வேலை என்பது அவனுடைய சகாக்களுக்கே தெரியாது.

இந்நூலை நான் மூவருக்குப் படிக்கக் கொடுத்தேன். இலிகிதராகக் கடமையாற்றும் நண்பர், நடுப்பகுதி இழுபடுகின்றது என்றார். “செத்தவர்களின் வீடு வீடாகச் சென்று விசாரிப்பதெல்லாம் எதற்கு? அவர்களுக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லையே!” இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், அரசியற் பிரசாரத்தை நீக்கியிருந்தால் நல்ல நாவலாக இருந்திருக்கும் என்றார். நூல்நிலையமொன்றிற் பணிபுரியும் இளம்பெண் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இலிகிதரை நோக்கி, “ஐயா, கொலைகாரனும் அப்படித்தானே நினைத்தான்” என்றார்.

அவர் பரிகாசமாகவே கூறினார் போலும். எனக்கு அது பரிகாசமாகத் தோன்றவில்லை.

கதையின் முடிவை இங்கு நான் கூறியாக வேண்டும். இன்னும் படியாதோர் பொறுத்தருளுக. கொலையாளி கொல்ல விரும்பியது இருவரைத்தான். 1951இல் நிகழ்ந்து துலங்காமற்போன ஒரு பெண்ணின் கொலையை, எவருக்கும் சொல்லாமல் மீண்டும் கிளறிக்கொண்டிருந்தான் அந்த இளம் துப்பறிவாளன். அவன் பின்தொடர்ந்து சென்ற ஒருவனுக்கு அவ்விடயம் தெரியும். பழைய கொலையைச் செய்தவனோ இப்பொழுது பெரிய வர்த்தகன். செல்வக் குடும்பத்து மருமகன். வீட்டையும் பெயரையும் தொழிலையும் காப்பதற்கு இரண்டு உயிர்கள் போகவேண்டும். இருவரை மட்டும் கொன்றால் காரணம் தேடப்படும். பஸ்ஸிலிருந்த அனைவரையும் கொன்றுவிட்டால் அது பைத்தியக்காரன் ஒருவனின் செயலாகத் தோன்றும். அவ்வாறே தோன்றவும் செய்தது. எஞ்சிய எழுவரும் அவனுக்குத் திரைச்சீலை.

அவர்கள் யார்? பஸ்ஸைச் செலுத்தி வந்த சாரதி, ஒரு தாதி, ஒரு விதவை, மோட்டார் திருத்தும் தொழிலாளி, அல்ஜீரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒருவன்... நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் மழையில் பஸ்ஸில் செல்பவர்கள் யாராக இருப்பார்களோ அவர்கள்தாம். துப்பறியும் கதையின் தொழில்முறையில் இத்தகையோருக்கு ஓர் உபயோகமுண்டு. இவர்களுள் யாரைக் கொல்லவே இவ்வளவும் நடந்தது என்று வாசகனைத் திசைதிருப்ப அவர்கள் உதவுவர். ஒருவனைப் பற்றிய ஐயம் தீர்ந்ததும் அவன் கதையிலிருந்தே அகன்றுவிடுவான். கொலையாளி அவர்களைப் பயன்படுத்திய அதே காரியத்துக்கே, விறுவிறுப்பை மட்டும் வேண்டிநிற்கும் வாசகனும் அவர்களைப் பயன்படுத்துகின்றான். அவன் துப்பாக்கியேந்தவில்லை என்பது மெய். எனினும் கணக்கு ஒன்றுதான்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். வைத்தியசாலையில் இறப்பவர், இறக்குமுன் கேட்கப்பட்ட இரு கேள்விகளுக்கு, விளங்காத இரு சொற்களைப் பதிலாக முனகுகின்றார். அவை ஒலிப்பதிவாகின்றன. அவற்றின் பொருள் பின்னர் துலங்கியபோது நான் அடைந்தது, கணக்கொன்றுக்கு விடை கண்ட மகிழ்ச்சி. ஒரு மனிதனின் கடைசி மூச்சு அது என்பது நினைவுக்கு வரவில்லை. படித்து முடித்து இரண்டு நாட்களுக்குப் பின்னும், துப்புத்துலங்க உதவிய மோட்டார் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை என்னாற் கூற முடிந்தது. பஸ் சாரதியின் பெயரைக் கூற முடியவில்லை.

இதைக் கொண்டு மர்மநாவல் படிப்போரை இகழ்ந்துவிடுவது இலகு. எட்மண்ட் வில்சன் அதைத்தான் செய்தார். 1944இல் ‘நியூ யோர்க்கர்’ இதழில் இவ்வகை நாவல்களைச் சாடி அவர் எழுதியதும் வாசகர்களின் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1945இல் முன்னிலும் கடுமையாக மீண்டும் எழுதினார். மோசமான நடை, வீணான பொழுது, போதைக்கு ஒப்பான பழக்கம் என்பன அவருடைய குற்றச்சாட்டுகள். நாள் முழுவதும் பேரேடுகளோடு மல்லாடிவிட்டு வரும் இலிகிதருக்கு இளைப்பாறும் உரிமையில்லை என்று கூற நான் யார்? பேர்டோல்ட் பிரெக்ட் துப்பறியும் நாவல்களை ஆர்வத்தோடு படித்தவர், அதற்காக வெட்கப்பட்டவருமல்லர். ஓடன் 1948இல் எழுதிய கட்டுரையே எனக்கு அதிகம் பயன்பட்டது. குற்றவாளி ஒருவன் கண்டுபிடிக்கப்பட்டதும் ஏனையோர் யாவரும் களங்கமற்றோராகி விடுகின்றனர்; அவ்வாறு களங்கம் நீங்கும் கனவுக்காகவே வாசகன் இக்கதைகளை நாடுகின்றான் என்பது அவருடைய விளக்கம். ஆங்கிலேயக் கிராமத்து மாளிகைக் கொலைகளுக்கு இது நன்கு பொருந்தும். ஸ்டொக்ஹோம் பஸ்ஸுக்குப் பொருந்தாது. அங்கே கொலையாளி பிடிபட்டபின் நகரம் தூய்மையடைவதில்லை. இறந்தோருள் பொலிஸ்காரன் ஒருவன் இராதிருப்பின் அவ்வரசு இயந்திரம் இத்தனை வேகத்துடன் இயங்கியிருக்குமா என்ற ஐயமும் எனக்கு நீங்குவதில்லை.

ஆசிரியர்களைக் குறைகூற இடமில்லையென்பதல்ல. இளைப்பாறிய ஆசிரியரின் முறைப்பாட்டில் ஓரளவு நியாயமுண்டு. பிந்திய நாவல்கள் சிலவற்றிற் பாத்திரங்களின் குரலுக்கு மேலாக ஆசிரியர்களின் கோபக்குரல் ஒலிக்கின்றது. இந்நாவலிலேயே இன்னும் பாரதூரமான குறையொன்று இருக்கின்றது. 1951இற் கொல்லப்பட்ட அப்பெண் போர்த்துக்கலிலிருந்து வந்தவள். அவளது வாழ்வின் சீரழிவு முழுவதையும் காமநோய் என்ற ஒற்றைக் காரணத்துள் அடக்கிவிடுகின்றனர். எழுவர்பாற் காட்டிய நீதியை அவள்பாற் காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் காரணமான சாவு அவளுடையது. அவளைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக அறிகின்றோம்.

இறுதிப் பக்கத்தில் மார்ட்டின் பெக் என்னும் துப்பறிவாளர் சிரிக்கின்றார்; நூலின் தலைப்பு அதனாற் புதுப்பொருள் பெறுகின்றது. இறந்த இளைஞனின் மேசையில் கிடந்த கடதாசியொன்றில் கொலையாளியின் பெயர் ஆரம்பம் முதலே எழுதப்பட்டிருந்தது என்ற செய்தி அப்பொழுதுதான் வருகின்றது. இலிகித நண்பருக்கு இது பெரும் ஏமாற்றம். அத்தனை வாரங்களும் வீண் என்றார். நான் வேறொன்றை எண்ணினேன். அக்கடதாசி முதல்நாளே அகப்பட்டிருந்தால் மறுநாளே கைது நிகழ்ந்திருக்கும். அந்த எழுவரும் எப்படி வாழ்ந்தனர், யாருக்கு வேண்டியவராக இருந்தனர் என்று கேட்டு எவரும் அவர்களது வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கமாட்டார்.

இதனை நண்பரிடம் சொன்னேன். அவர் இன்னும் உடன்படவில்லை; ஐம்பது பக்கங்களைக் குறைத்திருக்கலாம் என்றே சாதிக்கின்றார். எந்த ஐம்பது பக்கங்கள் என்று கேட்டேன். புத்தகத்தை மறுபடியும் வாங்கிச் சென்றிருக்கின்றார்.