திருக்காளத்திக் கலம்காரியும் கொல்லாமை அறமும்: உடையிலும் மனையணியிலும் மாற்றுப்பொருள் தேர்வு

முன்னுரை

உண்ணும் பொருளில் உயிர்க்கொலை கலந்திருப்பதைத் தமிழ் அறநூல்கள் விரிவாக ஆராய்ந்துள்ளன. உடுக்கும் பொருளிலும் மனையை அணிசெய்யும் பொருளிலும் அக்கொலை கலந்திருப்பது அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் 'வீகன்' என்னும் பெயரில் தொடங்கிய இயக்கம், தமிழில் 'நனிசைவம்' எனப்படுகிறது. உணவோடு நில்லாது பட்டு, தோல், கம்பளி, இறகு ஆகியவற்றையும் விலக்குவது இவ்வியக்கத்தின் கொள்கையாகும். அவற்றுக்கு மாற்றுத் தேடுவோர்க்கு உகந்ததாகத் தோன்றும் பொருள்களுள் ஒன்று திருக்காளத்திக் கலம்காரி. பருத்தித் துணி, தாவரச் சாயம், கைவினை ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகளாகும். ஆயினும் அத்துணியின் ஆக்கத்தில் எருமைப்பால் இடம்பெறுகிறது. கொலையின்றி உருவாகும் துணியைப் பால் குறையுடையது ஆக்குமா என்னும் வினா இங்கு எழுகின்றது. கொல்லாமை என்பது பொருளைச் சார்ந்ததா, பொருளைப் பெறும் முறையைச் சார்ந்ததா என்பதை இவ்வினாவின் வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கலம்காரியின் ஆக்கமுறை

தேவார மூவராலும் பாடப்பெற்ற திருக்காளத்தி, இன்று ஸ்ரீகாளஹஸ்தி என வழங்குகிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளது. மசூலிப்பட்டினத்தில் மர அச்சுகளைக் கொண்டு துணியில் உருப்பதிக்க, காளத்தியில் எழுதுகோலால் வரைவர். நலிவுற்றிருந்த இக்கலை, கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1950களின் இறுதியில் பயிற்சி மையம் அமைந்தபின் மறுவாழ்வு பெற்றது. இக்கலைஞர்களுள் ஒருவரான குரப்பச் செட்டி 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முரட்டுப் பருத்தித் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் வெளுப்பர். பின்னர்க் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துவர். பாலிலுள்ள கொழுப்பு, வரையும் மை துணியில் பரவாமல் தடுக்கிறது. துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெறும் கரைசல், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கருமை தருகிறது. படிகாரம் தடவிய இடத்தில் சிவப்பு பற்றும். நீலத்திற்கு அவுரி பயன்படும். இவ்வாறு இரும்பும் படிகாரமும் நீங்கலாக, பிற யாவும் தாவரத்திலிருந்தோ விலங்கைக் கொல்லாமலோ பெறப்படுவன.

வாங்குவோனின் பொறுப்பு

ஒரு துணியை வாங்குபவர் உயிரைக் கொன்றவர் அல்லர் என்னும் வாதம் பழமையானது. புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறள் (256) இவ்வாதத்தை எதிர்கொள்கிறது. தின்பதற்காக உலகம் கொல்வதில்லையெனின், விலைக்காக ஊனைத் தருவோரும் இரார் என்பது அதன் கருத்தாகும். கொல்பவன், விற்பவன், கொள்பவன் ஆகியோரை ஒரே வினையின் உறுப்பினராக வள்ளுவர் காண்கிறார். ஊனுக்குக் கூறிய இவ்வாதம் உடைக்கும் முற்றிலும் பொருந்தும். சந்தையில் கேட்பார் இல்லாத பட்டை எவரும் நூற்கமாட்டார். ஆதலின் தேர்வு என்பது சுவை பற்றிய சிறு செயலாகத் தோன்றினும் அறத்தின்பாற்பட்டதே.

பட்டும் சிற்றுயிரும்

காளத்திக் கலைஞர்கள் இன்று பருத்தியில் மட்டுமின்றிப் பட்டிலும் வரைகின்றனர். இவ்விடத்தில் வேறுபாடு தெளிவாகிறது. கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியேறினால் நீண்ட இழை அறுபடும் என்பதால், கூட்டுப்புழுவை ஆவியிலோ வெப்பத்திலோ கொன்றபின் இழை எடுப்பர். ஒரு புடவைக்குப் பல்லாயிரம் புழுக்கள் மடிகின்றன. பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியில் பீடாதிபதியாக இருந்த சந்திரசேகரேந்திர சரசுவதி (1894-1994) பட்டுடுத்தலைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியமை இக்காரணம் பற்றியதே.

புழு மிகச் சிறிய உயிர், அதன் துன்பத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளல் வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கிறது. நத்தை ஈரறிவுயிராகவும் நண்டு நாலறிவுயிராகவும் அங்கு வைக்கப்பெற்றுள்ளன. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழியின் இடர்களைக் கூறுங்கால், நீர்க்கரையில் காலடிபட்டு வருந்தும் நண்டையும் நத்தையையும் சேர்த்தே சுட்டுகிறார். அறிவால் வேறுபட்ட இரண்டும் துன்பத்தால் ஒருநிகராக எண்ணப்படுகின்றன. வகைப்பாடு இலக்கணத்திற்கு உரியது. இரக்கத்திற்கு அது படிநிலை வகுக்கவில்லை எனலாம். உயிர்களிடத்து வினவ வேண்டுவது பகுத்தறிவை அன்று, துன்புறும் இயல்பையே என ஜெரிமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் கூறும் கருத்தும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆந்திரத்துக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையா, அந்து வெளியேறிய பின்னர்க் கூட்டிலிருந்து நூல் நூற்கும் 'அகிம்சைப் பட்டு' முறையை உருவாக்கினார். கொலையைக் குறைக்கும் நேர்மையான முயற்சி இது. எனினும் வீட்டு வளர்ப்பில் பறக்கும் ஆற்றலை இழந்த அவ்வினத்தில் ஓர் அந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரிக்கும் புழுக்கள் அனைத்திற்கும் முசுக்கொட்டை இலை கிடைப்பதில்லை. கொலை ஒரு கட்டத்தில் நீங்கினும் இறப்பு மற்றொரு கட்டத்திற்கு இடம் மாறுகிறது. ஆகவே பெயரை மட்டும் கொண்டு ஒரு பொருளைத் தூயதெனக் கொள்ளல் இயலாது என்பது பெறப்படுகிறது.

பால் எழுப்பும் சிக்கல்

அதே அளவுகோலைப் பாலுக்கும் பயன்படுத்துதல் முறையாகும். பால் கறத்தல் கொலை அன்று. ஆயினும் பால் தராத ஆண் கன்றும் பால் வற்றிய எருமையும் இறைச்சிக்கு விற்கப்படுதல் இன்றைய பால் தொழிலில் வழக்கமாகும். 256ஆம் குறளின் வாதத்தை முழுமையாக ஏற்போர், பால் வாங்குவோரையும் அவ்வினையில் சேர்க்கவே வேண்டும். மரபு என்னும் காரணம் மட்டும் இதற்கு விடையாகாது. வேள்விக்கெனக் கட்டிய பசுவை இரவில் மீட்டுச் சென்ற ஆபுத்திரனை மணிமேகலை போற்றுகிறது. அவன் எதிர்த்ததும் மரபையே.

எனினும் பட்டிற்கும் பாலுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பட்டில் உயிரின் அழிவே இழைக்கு அடிப்படை; பாலில் அழிவு தொழிலின் அமைப்பால் நேர்வது. முன்னது பொருளை விட்டாலன்றி நீங்காது. பின்னதில், பொருளின் பணியை வேறொன்று ஏற்குமாயின் கலை நிலைத்திருக்கத் தீங்கு மட்டும் நீங்கும். ஜப்பானிய மரபுச் சாயத் தொழிலில் சோயா அவரையை அரைத்துப் பிழிந்த சாறு துணியைப் பக்குவப்படுத்தப் பயன்படுவது இதற்கு ஒரு சான்றாகும். அது காளத்தியின் கடுக்காய், இரும்புக் கரைசல் ஆகியவற்றோடு பொருந்துமா என்பது சோதித்து அறியவேண்டியது. அச்சோதனையில் கெடும் துணிகளின் இழப்பை யார் ஏற்பது என்பதே அறவினாவின் நடுவிடம். கோலேந்திய கலைஞர்மீது அச்சுமையை ஏற்றிவிட்டுத் தூய்மையை வாங்குவோர் மட்டும் பெறுதல் அருளாகாது.

தீங்கு இடம்மாறுதல்

மாற்றுப்பொருளின் பெயரால் தீங்கு மனிதர்மீதும் நிலத்தின்மீதும் இடம்மாறுவதைத் தோல் தொழில் காட்டுகிறது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததன் தொடர்பில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. விலங்கின் தோல் மனிதரின் குடிநீரையும் பறித்தது. அதற்கு மாற்றாக வரும் செயற்கைத் தோலிற் பெரும்பகுதி பாலியூரிதேன், பிவிசி என்னும் நெகிழிகளால் ஆனது. மக்காத நெகிழி, மண்ணையும் நீரையும் சார்ந்து வாழும் உயிர்களைத் தாக்கும். கொன்ற விலங்கு கண்ணில் படாத காரணத்தால் அது கொல்லாப் பொருள் ஆகிவிடாது.

கண்ணப்பர் வரலாறு எழுப்பும் மறுப்பு

காளத்தி, வேடர் ஒருவர் இறைவனுக்கு ஊன் படைத்த தலம். அங்கிருந்து கொல்லாமை பேசுதல் முரணன்றோ என்னும் மறுப்பு எழலாம். சேக்கிழார் அமைக்கும் நிகழ்ச்சி வரிசையே இதற்கு விடை தருகிறது. திண்ணனார் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைப் படைக்கிறார். சிவகோசரியார் அதனைக் கண்டு நடுங்குகிறார். அன்பின் ஆழத்தை இறைவன் உணர்த்த விரும்பும் ஆறாம் நாளில், திண்ணனார் தருவது பிறிதோர் உயிரின் ஊன் அன்று, தம் கண். பிற உயிரின் உடலைத் தரும் நிலையிலிருந்து தம் உடலைத் தரும் நிலைக்கு அன்பு முதிர்கிறது. கண்ணப்பர் என்னும் பெயரும் அக்கொடையாலேயே அமைந்தது.

தலபுராணத்தின் சிலந்தியும் இவ்வாறே தன் உடலிலிருந்து எழுந்த நூலால் இறைவனுக்குப் பந்தரிட்டது. பொருநராற்றுப்படை மென்துகிலுக்குப் பாம்பின் உரியை உவமையாக்குகிறது; அது பாம்பு தானே கழற்றிவிட்ட தோல். மயிலுக்குப் போர்வை அளித்த பேகன், விலங்கிடமிருந்து உடை பெறும் உலக வழக்கைத் தலைகீழாக்கியவன். இக்கூறுகள் தம்முள் தொடர்பற்றவை எனினும், பறித்தலினும் தருதலும் விட்டதைக் கொள்ளுதலும் உயர்ந்தவை என்னும் ஒரு மதிப்பீட்டை அவை பகிர்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் கொல்லாமை என்பது ஒரு பொருளின்மீது ஒட்டப்படும் பெயரன்று, அப்பொருள் பெறப்படும் முறையின் இயல்பு என்பது தெளிவாகிறது. உடையையோ திரைச்சீலையையோ தேர்வோர் மூன்றனை வரிசையாக வினவுதல் வேண்டும். இதற்காக ஓர் உயிர் முடிந்ததா, ஓர் உயிர் துன்புற்றதா, நீக்கிய துன்பம் வேறொருவர்மேல் விழுந்ததா என்பன அவை. முதல் வினாவில் பட்டும் தோலும் விலக்கத்தக்கன. இரண்டாம் வினாவில் பால் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது. மூன்றாம் வினாவில் நெகிழி தோற்கிறது.

காளத்திப் பருத்திக் கலம்காரி முதல் வினாவைக் கடந்து இரண்டாம் வினாவின்முன் நிற்கிறது. அதனை ஒதுக்கிவிட்டு நெகிழித்துணியை நாடுவோர் மூன்றாம் வினாவில் பிழைபடுவர். பால் கலந்த மரபு என்று அமைதி கொள்வோர் இரண்டாம் வினாவைக் கேளாது விடுவர். பாலின்றி வரையும் முறைக்கான சோதனைச் செலவை ஏற்று, அதற்குரிய காலமும் விலையும் கலைஞருக்குத் தருவதே வாங்குவோர்க்கு எஞ்சும் நெறியாகும். கொள்பவன் வினையில் பங்குடையவன் என்று குறள் கூறுமாயின், அவ்வினையைத் திருத்தும் செலவிலும் அவனுக்குப் பங்குண்டு.