தெரிந்தவன் எடுக்கும் லாபம்

பழங்காசு வியாபாரத்தில் முன்னுக்கு வர என்ன வேண்டும் என்று கேட்டால், கையில் முதல் வேண்டும், கண்ணுக்குப் பழக்கம் வேண்டும், ராசி வேண்டும் என்பார்கள். ராசியைத் தள்ளுங்கள். முதலும் பழக்கமும் வேண்டும்தான். ஆனால் இந்தத் தொழிலில் லாபம் பிறக்கும் இடம் ஒன்றே ஒன்று: விற்பவருக்குத் தெரியாதது வாங்குபவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடைவெளியை வைத்து ஒருவன் என்ன செய்கிறான் என்பதில் அவன் யோக்கியதை தெரிந்துவிடும்.

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஆயா மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, நாலு செப்புக்காசை உங்கள் உள்ளங்கையில் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் காசு, ஆனால் தடிமன். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிப்பூ. மறுபக்கம், அச்சுக்குள் முழுதாக அடங்காமல் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும் தமிழ் எழுத்து: ‘புதுச்சேரி’. பிரெஞ்சுக் கம்பெனி காலத்துத் துட்டு. “பழைய இரும்புக்காரன் இருபது ரூபாய்க்குக் கேட்டான். நீ என்ன தம்பி தருவே?” என்கிறார். சேர்ப்பவர்கள் இதற்கு எவ்வளவு தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். “ஐம்பது தரேன் ஆயா” என்கிறீர்கள். அவருக்குச் சந்தோஷம். நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இப்போது ஒரு கேள்வி. ஜோசியரை நாம் ஏன் கண்டிக்கிறோம்? எதிரே உட்கார்ந்திருப்பவரின் அறியாமையில் கையை விட்டுக் காசு எடுக்கிறார் என்பதால்தானே? ஆயாவின் முன்னால் வாயை மூடிக்கொண்டவன் செய்ததும் அதேதான். ஜோசியருக்காவது தன் கட்டத்தில் நம்பிக்கை இருக்கலாம். இவனுக்கு உண்மை தெரியும். தெரிந்தே மறைத்தான். சாமி இல்லை, பேய் இல்லை என்று மேடையில் பேசிவிட்டு இந்த வேலையைச் செய்பவனுக்குப் பகுத்தறிவாளன் என்ற பெயர் பொருந்தாது.

கஷ்டப்பட்டுக் கற்றதற்குக் கூலி வேண்டாமா என்பார்கள். வேண்டும். வார்ப்பில் செய்த போலியின் மேல் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அடித்த காசில் அவை இருக்காது. எடையில் பெரிய வித்தியாசம் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் பழக வருஷங்கள் பிடிக்கும். அதற்கான கூலியை வெளிப்படையாகக் கேளுங்கள்: “இது இவ்வளவு போகும் ஆயா, விற்றுத் தருகிறேன், எனக்கு இத்தனை பங்கு.” மறைத்து எடுத்தால் அது கூலி ஆகாது.

மறைப்பதையும் தாண்டி, அறியாமையை உற்பத்தி செய்தே விற்கும் கூட்டமும் இருக்கிறது. 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சம், வைஷ்ணவதேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சம் என்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்கிறார்கள். நம்பிக் கூப்பிட்டால் முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இப்படிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. வைஷ்ணவதேவி காசு 2012-இல் அரசு வெளியிட்ட நினைவுக் காசு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ராமர், சீதை, அனுமார் உருவத்தோடு 1818 என்று ஆண்டு போட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனி அணா’ முழுப் பொய். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் காசு என்று சொல்லித் தமிழ்நாட்டில் எத்தனையோ பேரை மொட்டையடித்திருக்கிறார்கள். இரிடியம் உண்மையான உலோகம்தான். அது அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் தடவினால் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான் வித்தை.

பக்தியால் விலை ஏறிய காசு உண்மை வெளிவந்த அன்றே விழுந்துவிடும். படிப்பால் ஏறிய மதிப்பு நிற்கும். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய பழங்காசுகளுள் ஒன்றில் ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருந்தது. சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசடித்தனர் என்பதற்கு அது சான்றானது. அதற்கு முன் எத்தனை காசுகள் பாத்திரக்கடை உலையில் உருகினவோ! அந்தக் காசை உயர்த்தியது அதை ஒருவர் படித்தார் என்பதே.

நல்ல வியாபாரி இன்னொன்றையும் காப்பாற்ற வேண்டும்: காசு கிடைத்த இடம். எந்த வயல், எந்தக் குளம், கூட என்ன இருந்தது என்ற விவரம் போய்விட்டால் வரலாற்றில் பாதி போய்விடும். பாகூர் மக்களுக்கு இழப்பு புதிதல்ல. அங்கிருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் சொல்லும், பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு 1879-இல் கிடைத்தது. பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. இன்று 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயது தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றைத் தொல்லை என்று நினைப்பவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

வில்லியனூரிலோ பாகூரிலோ உங்கள் வீட்டுப் பானையில் பழங்காசு கிடந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; மேலே படிந்த பச்சையோடு அதன் மதிப்பும் போய்விடும். போனில் லட்சம் பேசுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய், இது என்ன காசு என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.