கடித்த முயலும் பிடித்த கையும்

எங்கள் பெரியம்மாவின் வேதாகமத்தில், முதல் வெற்றுப் பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கும். ‘இரட்சிக்கப்பட்ட நாள்’ என்று எழுதி ஒரு தேதி. அதன்மேல் ஒரு கோடு. கீழே இன்னொரு தேதி; அதன்மேலும் கோடு. மூன்றாவது மட்டும் பென்சிலில். கன்வென்ஷன் கூட்டங்களில் “நிச்சயம் உண்டா?” என்று ஊழியக்காரர் கேட்கும்போதெல்லாம், போன தடவை கிடைத்தது நழுவிவிட்டதோ என்று அவருக்குத் தோன்றிவிடும். கையை உயர்த்திவிடுவார். மறுபடியும் அடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்றுதான் பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறினார் போலும்.

பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா? நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618–19-ல் கூடிய சபைச் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்கள் தடுமாறி விழுந்தாலும் அழிந்துபோக மாட்டார்கள் என்று தீர்மானித்தது. விசுவாசியும் விழுந்து அழிந்துபோகக் கூடும் என்று 1751-ல் எழுதினார் ஜான் வெஸ்லி. ஒரு சாரார் யோவான் 10-ஐத் திறப்பார்கள்: தம் ஆடுகளை யாரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்கிறார் இயேசு. மறு சாரார் எபிரெயர் 6-ஐத் திறப்பார்கள்: பரம ஈவை ருசிபார்த்த பின் விலகிப்போனவரைத் திரும்பப் புதுப்பிக்க முடியாது என்கிறது அது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. வழக்கு இன்னும் நடக்கிறது.

இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேர்க்க முடியாத ஒரு சாட்சி உண்டு: ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர். இளமையிலேயே மனம் உடைந்து, 1763-ல் மனநோயாளிகளுக்கான ஒரு மருத்துவரின் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே ரோமர் நிருபத்தை வாசிக்கையில் விசுவாசத்துக்கு வந்தார். பிறகு ஓல்னி என்ற சிற்றூரில் குடியேறினார். அவ்வூர் குருவானவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவன். இருவரும் சேர்ந்து சபைக்குப் பாட்டு எழுதினார்கள். 1779-ல் வெளிவந்த ஓல்னி பாட்டுப் புத்தகத்தில் கூப்பருடையவை மட்டும் அறுபதுக்கு மேல்.

புத்தகம் வெளிவருவதற்குள் அவர் பாட்டை விட்டுவிட்டார். 1773-ன் தொடக்கத்தில் நோய் திரும்பியது. உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்று ஒரு குரல் கனவில் கேட்டது. நோய் பேசியதை அவர் தேவனின் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டார். 1800-ல் சாகும்வரை இருபத்தேழு ஆண்டுகள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவர் எழுதிய பாட்டை ஊர் பாடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் இருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், இரட்சிப்பை இழக்கவே முடியாது என்று போதிக்கும் சாராரைச் சேர்ந்தவர் கூப்பர். அந்தப் போதனையை அவர் கடைசிவரை மறுக்கவில்லை. விதி எல்லாருக்கும் பொருந்தும், தான் ஒருவன் மட்டும் விலக்கு என்று நம்பினார். அப்படி நம்பும் மனிதரிடம் எந்த வசனத்தைக் காட்டி வாதாட முடியும்? நியூட்டன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

1774-ல் கூப்பர் மனம் தேற மூன்று முயல்களை வளர்த்தார்: புஸ், டைனி, பெஸ். பத்தாண்டு கழித்து அவற்றைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதினார். புஸ் மூன்று நாள் நோயுற்றபோது அதைத் தனியே வைத்துப் பராமரித்தாராம். தேறியதும் அது அவருடைய புறங்கையை, உள்ளங்கையை, பிறகு ஒவ்வொரு விரலையும், விரலிடுக்குகளையும்கூட விடாமல் நக்கியதாம். டைனிக்கும் நோய் வந்தது. அதற்கும் அதே கவனிப்புத்தான். ஆனால் தேறியபின் தடவிக்கொடுக்கப் போனால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். தன்னை எந்தக் கையும் ஏந்தவில்லை என்று நம்பிய ஒரு மனிதர், தன்னை ஏந்திய கையை நம்பாத ஒரு முயலைக் கையில் வைத்திருக்கிறார். டைனி நம்பவில்லை என்பதற்காக அதன் தீனி குறையவில்லை. அது செத்தபோது, சிடுசிடுத்த அந்த முயலுக்காக அவர் ஒரு இரங்கல் கவிதையும் எழுதினார். கூப்பருக்கு அந்தக் காட்சியின் பொருள் எட்டியதா, நமக்குத் தெரியாது.

நம்மைக் காப்பது நாம் பற்றும் கையா, நம்மை ஏந்தும் கையா என்ற கேள்வியை நம் வைணவ ஆசாரியர்களும் கேட்டிருக்கிறார்கள். வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டினார்கள்: தாயை அது பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள்: தாயே அதைக் கவ்விச் செல்லும். பூனைக்குட்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. தாயின் வாயில் தொங்கும்போது நான்கு காலும் அந்தரத்தில்தான் இருக்கும். பற்றிக்கொள்ள எதுவுமில்லை. விழுந்துகொண்டிருக்கிறோம் என்றே அதற்குத் தோன்றலாம். ஏந்தப்பட்டிருப்பது வேறு, ஏந்தப்பட்டிருக்கிறோம் என்று உணர்வது வேறு. முதலாவது நம்மைக் காப்பது, இரண்டாவது வந்துபோவது.

எபிரெயர் நிருபத்தின் எச்சரிக்கையை இதைச் சொல்லித் தள்ளிவிட முடியாது. வீடே வேண்டாமென்று உதறிவிட்டு நடப்பவர் கேட்க வேண்டிய வார்த்தை அது. வாசற்படியில் உட்கார்ந்து, ‘உள்ளே எனக்கு இடமில்லையாமே’ என்று அழுகிறவரின் தலையில் அதைப் போடக் கூடாது. அவர் வேறெங்கும் போகவில்லையே.

பெரியம்மா இன்று இல்லை. வேதாகமம் என்னிடம் இருக்கிறது. பென்சில் தேதி மங்கிவிட்டது. மேலே பேனாவில் எழுதிய அந்தச் சொல் அப்படியே இருக்கிறது: இரட்சிக்கப்பட்ட. அதன் கடைசியில் ஒரு ‘பட்ட’ உட்கார்ந்திருக்கிறது. அது பெரியம்மா செய்த வினை இல்லை; வேறொருவர் செய்தது. பெரியம்மா அடித்ததெல்லாம் தேதிகளைத்தான். அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடும் இல்லை.

டைனி ஒன்பது வயதுவரை வாழ்ந்தது, கடைசிவரை பழகாமலே. மாலையானால் கூடத்துக் கம்பளத்தில் ஓடியாட அதற்கும் இடம் இருந்தது.