பிணையாக வைக்கப்பட்ட உயிர்கள்

கடலில் தத்தளிப்பவரைக் கரையேற்றும் கடமை அருகில் இருப்பவருடையதா, வசதி உள்ளவருடையதா? அறவியலின் இந்தப் பழைய கேள்வியை 1979இல் அரசுகளே எதிர்கொள்ள நேர்ந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாமிலிருந்து தப்பியவர்களின் படகுகள், சீன வம்சாவளியினர் மீதான நெருக்கடி 1978இல் முற்றியதும் பெருகின. மலேசியாவின் புலாவ் பிடோங் தீவில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1979 ஜூனில் மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளும் இனிப் புதிதாக யாரையும் ஏற்பதில்லை என்று அறிவித்தன. கரை தொட வந்த படகுகள் கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்டன. ஜூலையில் ஜெனீவாவில் 65 அரசுகள் கூடின. சுமார் 2,60,000 பேரைக் குடியமர்த்த வெளிநாடுகள் வாக்களித்தன. அதற்கு ஈடாகக் கரையோர நாடுகள் தற்காலிக அடைக்கலம் தர இசைந்தன.

சுமையைப் பகிர்ந்தது நியாயமே. மலேசியா அருகில் இருந்தது வெறும் பூகோள விபத்து. அதற்காக அந்த நாடு மட்டுமே காலமெல்லாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உடன்பாட்டில் இரு வேறு கடமைகள் ஒன்றாகக் கட்டப்பட்டன. வாழ்வளிக்கும் கடமையைப் பலர் பங்கிடலாம், தவணை கேட்கலாம், பேரம்கூடப் பேசலாம். மூழ்குபவரைத் தூக்கிவிடும் கடமைக்குத் தவணை கிடையாது. அந்த நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரையே அது சாரும். பிறர் வாக்குறுதிக்கு ஈடாக அதை வைத்தபோது, அகதிகளின் உயிர் பிணைப்பொருளாயிற்று.

படகுகளைத் திருப்பிவிடுவோம் என்ற அந்த மிரட்டல் இல்லாவிட்டால் பணக்கார நாடுகள் அசைந்திருக்குமா என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. 1938இல் யூத அகதிகளுக்காக எவியானில் கூடிய 32 நாடுகள் ஏறக்குறைய வெறுங்கையோடு கலைந்தன. மிரட்டல் 1979இல் வேகம் கூட்டியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள், எந்தப் பேச்சுவார்த்தையிலும் இடம்பெறாத, இழுத்துவிடப்பட்ட படகுகளில் இருந்தவர்கள். மிரட்டல் ஒன்றே வழி என்பதும் உண்மையல்ல. ஆசியான் அறிவிப்புக்கு முன்பே, 1979 மார்ச்சில், கனடாவின் மென்னோனைட் கிறித்தவர்கள் அகதிகளுக்குப் பொறுப்பேற்கத் தங்கள் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1920களில் ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்களை யாரும் நெருக்கவில்லை. பட்ட கடனும் நம்பிக்கையும் போதுமானதாக இருந்தன.

1969 இனக்கலவரத்தைக் கண்ட மலேசியாவுக்குச் சீன வம்சாவளியினரின் வருகை அச்சமூட்டியதைப் புரிந்துகொள்ளலாம். நிரந்தரக் குடியுரிமையை மறுக்க அந்த அச்சம் ஒரு காரணமாகலாம். ஓட்டைப் படகை நடுக்கடலில் விட்டுவர அது காரணமாகாது.

1989இல் ஜெனீவாவில் அரசுகள் மீண்டும் கூடின. குறித்த தேதிக்குப் பின் வருவோர் தாமாகவே அகதிகளாகக் கருதப்படமாட்டார்கள், விசாரணைக்குப் பிறகே முடிவு என்றாயிற்று. வெளிநாட்டுக் கதவுகள் குறுகின. தற்காலிக அடைக்கலம் தொடரும் என்பதை மலேசியாவும் ஏற்றிருந்தது. ஆனாலும் அதே ஆண்டில் அதன் கரையிலிருந்து படகுகள் மறுபடி திருப்பி அனுப்பப்பட்டன. பத்து ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கலாகவே பழகியிருந்த அடைக்கலம், வாங்குவோர் தயங்கியதும் நின்றுபோனது.