காவலரா, உடைமையாளரா?

பழம்பொருள்களைப் பேணும் மனையை ஈழத்தில் நாம் நூதனசாலை என்கிறோம். நூதனம் என்றால் புதுமை. பழமைக்குப் புதுமையின் பெயர் வாய்த்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அப்பெயரில் ஓர் உண்மை உண்டு; பழம்பொருளைப் புதிய கண்கொண்டு நோக்காத மனை வெறும் பண்டசாலையே. அந்தப் புதிய கண் யாருடையது என்பதே நம்முன் உள்ள வினா.

வெருகலை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தின் தென்புறத்தில், மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றை அண்டி வாழும் ஊர் அது. அங்குள்ள சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் மதிற் கல்வெட்டு, கயிலாய வன்னியனார் முதலிய உபயகாரரை நினைவிற் கொள்கிறது. கல் சுமந்தவன் பெயர் அங்கு இல்லை. பாலம் அமையுமுன் மக்களை அக்கரை சேர்த்த ஓடக்காரன், கடலில் வலை வீசியவன், காட்டில் தேன் எடுத்தவன் ஆகியோருக்கும் கல்வெட்டு இல்லை. இத்தகைய ஊர்களில் சிறு நூதனசாலை அமைத்து, ஓய்வுநாளில் ஊதியமின்றித் தொண்டாற்ற ஆசிரியரும் மாணவரும் முன்வருவார்களாயின், அது வரவேற்கத்தக்கதே.

ஆனால் உடனே ஒரு கேள்வி எழும். 2004 ஏப்ரலில் ஆற்றங்கரையில் சகோதரச் சண்டையையும், அவ்வாண்டு டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2006இல் போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்களுக்கு, உடைந்த பானையைத் துடைத்து வைப்பதா முதற்பணி?

கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. ஊரைவிட்டு ஓடியவன் மீண்டு வரும்போது, அவன் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கப்படுகிறது. சான்றற்றவன் சொந்த மண்ணிலும் அகதியே. செல்வனுக்கு நினைவு ஓர் அலங்காரம். ஏழைக்கோ அது காணி உறுதி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயிட்டவர்களும் இதை அறிந்தே இருந்தனர். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பு வளர்த்தெடுத்ததும் இந்த உணர்வினாலன்றோ!

எனவே தொண்டு தேவையா என்பதில் ஐயமில்லை. ஐயம் தொண்டனைப் பற்றியது. கூலி வாங்காத உழைப்பு சில வேளைகளில் அதிகாரத்தைக் கூலியாகக் கேட்கிறது. 'நாமே தேடினோம், நாமே காத்தோம். ஆகவே எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது என்பதையும் நாமே முடிவு செய்வோம்' என்னும் எண்ணம் நல்ல மனத்திலும் ஓசையின்றிக் குடிபுகும்.

அதன் முடிவு என்ன? வேடர் மக்களின் மண்டையோடுகள் ஒன்பது, இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2019இல்தான் அவை வேடர் தலைவரிடம் மீள ஒப்படைக்கப்பட்டன. அவற்றைச் சேர்த்தவர்கள் தம்மைக் கொள்ளையர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அறிவுக்குத் தொண்டு செய்வதாகவே எண்ணியிருப்பார்கள்.

அது வெள்ளையர் செயல் என்று நாம் விலகி நிற்கவியலாது. வெருகல், வாகரைப் பகுதிகளில் தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய வில்லொன்றைச் சுவரில் மாட்டி, 'மறைந்துவரும் இனத்தின் ஆயுதம்' என்று ஒரு சீட்டு எழுதுகிறோம் எனக் கொள்வோம். அந்தச் சமூகத்துச் சிறுவன் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறான். மறுநாள் அவனையும் அழைத்துச் சென்று அந்தச் சீட்டை வாசிக்கச் சொல்வோமா? சொல்ல நா எழவில்லையெனில், அந்தச் சீட்டு பொய். அதை எழுதிய நம் நல்லெண்ணமும் பயனற்றது.

இன்னும் கடினமான நிலை ஒன்றுண்டு. ஒரு குடும்பம் தன் சடங்குப் பொருளையோ ஏட்டையோ தர மறுக்கிறது. கறையான் அரிப்பதை நாம் காண்கிறோம். வரலாறு பொதுச்சொத்து, ஆகவே வற்புறுத்திப் பெறலாம் என வாதிடலாம். பொதுவுடைமையில் நமக்கும் பற்றுண்டு. ஆனால் மாளிகைகளின் பேழைகள் பூட்டியிருக்க, குடிசையின் பெட்டியை மட்டும் திறக்கச் சொல்லும் பொதுமை எத்தகைய பொதுமை? மறுக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. ஏட்டை அவர்கள் வீட்டிலேயே பேணும் முறையைக் கற்றுக்கொடுப்போம். அவர்கள் இசைந்தால் நிழற்படம் எடுப்போம். அதற்கும் இசையாவிடின், இழப்பைத் தாங்கிக்கொள்வோம். ஒரு மனிதனை அவமதித்துக் காக்கப்படும் வரலாறு, அவனுடைய வரலாறாக இராது.

ஆகவே தொண்டன் ஏற்கவேண்டிய நெறிகள் மிக எளியவை: கேட்டுப் பெறுதல், தந்தவர் பெயரையும், அறியவருமாயின் செய்தவர் பெயரையும் எழுதுதல், சீட்டிலுள்ள வாசகத்தை உரியவரிடம் முதலில் வாசித்துக் காட்டித் திருத்துதல், திருப்பிக் கேட்டால் முகம் கோணாது கொடுத்தல். தூசி துடைக்கும் வேலையைவிட இவை கடினமானவை. ஏனெனில் இங்கே துடைக்க வேண்டியது நம் அகந்தையை.

கோயில் மதிலில் இடம்பெறாத பெயர்களை எழுதத்தான் நாம் வருகிறோம். அங்கே நம் பெயரைப் பொறித்துவிட்டுப் போவோமாயின், உபயகாரர் பட்டியலில் இன்னொரு வரி கூடும். கல் சுமந்தவன் அன்றுபோலவே வெளியே நிற்பான்.